ரெண்டு பிடி வல்லாரை வாங்கப் போன கதை

இண்டைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டு. களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் போய் ரெண்டு பிடி வல்லாரை வாங்கிக்கொண்டு வாறது.

ரெண்டு பிடி வல்லாரை! அஞ்சாம் வகுப்புப் பிள்ளையும் செய்யிற வேலை. நானோ பத்தாம் வகுப்புக்குச் சரித்திரம் படிப்பிக்கிற ஆள். எந்த ராசா எந்த வருசம் முடிசூடினார் எண்டு நித்திரையில கேட்டாலும் சொல்லுவன்.

ஏன் வல்லாரை எண்டு முதல்ல சொல்லிர்றன்.

எங்கட பக்கத்தில வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடிச்ச ஆம்பிளை ஒரு பெட்டியோட வந்து மனிசிட வீட்டில குடியேறுறது. இருபத்தாறு வருசத்துக்கு முதல் நானும் அப்பிடித்தான் வந்தன். இப்ப எங்கட மகள் தர்சினிக்கு வைகாசியில கல்யாணம். வீட்டை அவட பேருக்கு மாத்தி எழுத வேணும். திங்கக்கிழமை காலமை வீட்டு உறுதிப் பத்திரத்தோட வாங்க எண்டு, அதை எழுதுற நொத்தாரிசு சொல்லியிருக்கிறார்.

அந்த உறுதி என்னட்டத்தான் இருக்கு. எங்க இருக்கு எண்டுதான் தெரியா.

மார்கழியில வெள்ளம் வீட்டுக்குள்ள ஏறப்போகுது எண்ட நேரம், மனிசி பத்மா உறுதியை என்ட கையில தந்து, "இத நனையாத இடமாப் பாத்து வைங்க" எண்டா. வச்சன். "ஆகா, இதை விடப் பத்திரமான இடம் உலகத்திலயே இல்ல" எண்டு எனக்கு நானே சொன்னது கூட ஞாபகம் இருக்கு. இடம் மட்டும் ஞாபகம் இல்ல.

நான் சொன்னதும் பொய்யில்ல. அவ்வளவு பத்திரம். நாலு மாசமா எனக்கே கிடைக்கல்ல!

பதிவுக் கந்தோரில பிரதி எடுக்கலாமே எண்டு கேப்பீங்க. எடுக்கலாம். அது கைக்கு வர வைகாசி முடிஞ்சிரும். மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன சொல்றது? "பொண்ணும் இருக்கு, வீடும் இருக்கு, உறுதியைத்தான் பொண்ணுட அப்பா எங்கயோ வச்சிட்டார்" எண்டா? தர்சினி ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடுறதில்ல.

ஒரு கிழமையா வீட்டைத் தலைகீழாக்கியாச்சு. அரிசிப் பானைக்குள்ள பாத்தம். சாமிப் படத்துக்குப் பின்னால பாத்தம். தலைகணி உறையெல்லாம் கழட்டினம். என்ட புத்தக அலுமாரிக்கு மேல, "எலிப் பாசாணம் - ஒருவரும் தொடக்கூடாது" எண்டு சிவப்பு மையில நானே எழுதி ஒட்டின பால்மாத் தகரப் பேணி ஒண்டு இருக்கு. அதையும் பத்மா தும்புத்தடியால ஒரு பக்கம் தள்ளிட்டுப் பின்னால எட்டிப் பாத்தா. நானும் பாத்தன். மறுகா ரெண்டு பேரும் சவுக்காரம் போட்டுக் கை கழுவினம்.

வீடு முடிஞ்சுது. மிச்சம் தேட இருந்தது என்ட தலை.

வைத்தியம் தொடங்கிச்சு.

தர்சினி போனைப் பாத்து, "அப்பா, பாதாம் அஞ்சை ராவைக்கு ஊறப்போட்டு விடியச் சாப்பிட்டா மறதி போகுமாம்" எண்டா. ஊறப்போட்டன். எங்க ஊறப்போட்டன் எண்டு மூண்டாம் நாள் மணத்தை வச்சுத்தான் கண்டுபிடிச்சம்.

பத்மா என்ட தலையில அரைப் போத்தல் நல்லெண்ணெய் ஊத்தித் தேய்ச்சா. "மூளை குளிர்ந்தா எல்லாம் வரும்." குளிர்ந்துது. பள்ளிக்கூடத்தில கதிரையில இருந்தபடியே நித்திரை! பிள்ளைகள் சத்தம் போடாம எழும்பி வெளிய போய் விளையாடியிருக்கிறாங்க. நல்லா வளர்த்த பிள்ளைகள்.

கடைசியா மிஞ்சினது வல்லாரை. "விடியச் சம்பல், பின்னேரம் கஞ்சி. திங்கக்கிழமைக்குள்ள உங்கட மூளையைத் திருத்திர்றன்" எண்டு பத்மா சபதம் எடுத்திட்டா.

நான் படலையைத் திறக்க, பின்னால இருந்து கூப்பிட்டா. "இஞ்ச பாருங்க! அந்த எலிப் பாசாணத்தை மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்தி வளவு மூலையில புதைக்கப் போறன். கல்யாண வீடு, சின்னப் பிள்ளைகள் வந்து போகும்."

"நல்ல யோசனை. மிச்சம் வைக்காமக் கொளுத்து" எண்டு நானும் சொல்லிட்டுப் போனன்.

வல்லாரையை மறக்கக் கூடாது எண்டு லேஞ்சியில ஒரு முடிச்சுப் போட்டன். பழைய ஆக்கள் செய்யிற வேலை. எனக்கும் மூளை இருக்குதானே!

சந்தைக்குள்ள போய் முகம் துடைக்க லேஞ்சியை எடுத்தா, அதில ஒரு முடிச்சு. எதுக்கு?

போன் வீட்டில.

நான் வழமையா மரக்கறி வாங்கிற காத்தான்குடி முஸ்லிம் கடைக்காரர், எங்களுக்கு அவர் காக்கா, "வாங்க சேர், என்ன தர?" எண்டார்.

"தெரியா காக்கா."

"வெண்டிக்கா?"

அதுவாத்தான் இருக்கும் எண்டு அரைக் கிலோ வாங்கினன். "பயித்தங்கா?" அதுவாயும் இருக்கலாம். புடோல், கெக்கரிக்கா, ஒரு துண்டு பூசணிக்கா. காக்கா பேர் சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் சரியாத்தான் கேட்டுது. ரெண்டு பை நிறைஞ்சும் மனசு நிறையல்ல.

காக்காவுக்கே பாவமாப் போச்சு. "சேர், அந்த முடிச்சு எதுக்குப் போட்டது?"

"ஒண்டை மறக்காம இருக்கிறதுக்கு."

"எத?"

"அதைத்தான் மறந்திட்டன்."

மனிசன் விழுந்து விழுந்து சிரிச்சார். "அப்ப சேருக்கு வேண்டியது வல்லாரைதான்!"

"அதேதான் காக்கா! அதேதான்!" தராசுக்கு மேலால பாய்ஞ்சு அவரைக் கட்டிப் பிடிச்சிட்டன். காக்கா பயந்திட்டார்.

ரெண்டு பிடியை எடுத்துத் தந்து, மறுகா யோசிச்சு ஒரு பிடியைத் திரும்ப வாங்கித் தண்ணியில அலசினார். "இத இஞ்சயே நிண்டு சப்பித் திண்டுட்டுப் போங்க சேர். வீடு போய்ச் சேரணுமே."

நிண்டு சப்பினன். சந்தையே பாத்துது.

வாயில வல்லாரையோட மோட்டார் சைக்கிளை எடுத்தன். பதினெட்டு வருசத்துப் பழசு, கறுப்பு. திறப்பு தேய்ஞ்சு தேய்ஞ்சு ஈர்க்கில் மாதிரி. பாதி வழியில ஒரு மாடு குறுக்க நிண்டுது. ஹோர்ன் அடிச்சன்.

ஹோர்ன் அடிச்சுது!

என்ட ஹோர்ன் அடிக்கிறதில்ல. மூண்டு வருசமா அடிக்கிறதில்ல. வல்லாரை இவ்வளவு கெதியா வேலை செய்யுமோ எண்டு ஒரு செக்கன் யோசிச்சன். மறுகாதான் பின்னால திரும்பிப் பாத்தன். ஒரு மரப்பெட்டி. மூடியில பெயின்றால எழுதிக் கிடக்கு: "ஆயுர்வேத வைத்தியர், மண்டூர். மறதி, நித்திரையின்மை, மூட்டுவலி."

வேற ஆரோ ஒருத்தர்ட சைக்கிளைக் கொண்டு வந்திட்டன், அதுவும் என்டதைப் போலப் பழைய கறுப்பு! தேய்ஞ்ச திறப்பு எந்தப் பூட்டையும் திறக்கும், தேய்ஞ்ச பூட்டை எந்தத் திறப்பும் திறக்கும்.

சந்தைக்குத் திரும்பி ஓடினன். அங்க என்ட சைக்கிள் இல்ல. களவு போயிட்டு! சரி, என்டது போனாலும் மனிசன்ட சைக்கிளைக் குடுக்க வேணுமே. குருமண்வெளித் துறைக்குப் போய்ப் பாதையில ஏறினன். வாவியைக் கடக்கிற தட்டைப் படகைத்தான் நாங்க பாதை எண்டு சொல்றது.

மண்டூரில வைத்தியர்ட வீட்டை ஒருத்தரையும் கேக்காமலே கண்டுபிடிச்சன். எப்பிடி எண்டு அப்ப எனக்கே விளங்கல்ல.

வளவுக்குள்ள மாமரத்துக்குக் கீழ என்ட சைக்கிள் நிக்குது! வைத்தியர் ஐயா சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு அதின்ட ஹோர்னைக் கழட்டிக்கொண்டு இருக்கிறார்.

"என்ன எண்டே தெரியல்ல மாஸ்டர், காலமை நல்லா இருந்த ஹோர்ன். சந்தைக்குப் போய்ட்டு வந்தா அடிக்குதில்ல" எண்டார் என்னைக் கண்ட உடன.

"ஐயா, அது என்ட சைக்கிள்."

கையில ஹோர்னோட நிமிர்ந்தார். "அப்ப என்ட?"

"நான் ஏறி வந்தது."

அதைப் பாத்தார். இதைப் பாத்தார். மூடியில அவர்ட பேருக்குப் பக்கத்தில "மறதி" எண்டு கிடந்ததை நான் பாக்கிறதையும் பாத்தார்.

"ஐயா, நீங்க வல்லாரை சாப்பிடுறதில்லையா?"

"நோயாளிகளுக்குக் குடுக்கவே காணாது மாஸ்டர்" எண்டார் மெதுவா. மறுகா கதையை மாத்துறதுக்கோ என்னவோ, "அது கிடக்கட்டும், உங்கட சூரணம் முடிஞ்சுதா?" எண்டு கேட்டார்.

"என்ன சூரணம்?"

"மார்கழியில வந்தீங்களே! வல்லாரைச் சூரணம், நாப்பத்தெட்டுப் பொட்டலம். விடியக் காலமை ஒண்டு, பாலில. மனிசிக்குத் தெரிஞ்சா மானம் போகும், பேணியில எலிப் பாசாணம் எண்டு எழுதி அலுமாரிக்கு மேல வைக்கப் போறன் எண்டு நீங்கதானே சொன்னீங்க? நான் கூடச் சிரிச்சனே!"

மாமரத்தைப் பிடிச்சுக்கொண்டன்.

எல்லாம் வந்துது. மருந்தோட வீட்டுக்கு வந்த அண்டுதான் வெள்ளம். பத்மா உறுதியைத் தாறா. காத்துப் போகாத மூடி போட்ட பேணி ஒண்டு முன்னால இருக்கு. ஒவ்வொரு நாளும் விடியத் திறக்கப் போற பேணி. திறந்தா உறுதி கண்ணில படும். மறக்கவே ஏலாது! ஒருத்தரும் தொடவும் மாட்டாங்க! இதை விடப் பத்திரமான இடம் உலகத்திலயே இல்ல! அண்டு ராவே வெள்ளம் ஏறிப் பள்ளிக்கூடத்தில நாலு நாள் இருந்தம். திரும்பி வந்து பாத்தா அலுமாரிக்கு மேல எலிப் பாசாணம் இருந்துது. நானும் நம்பிட்டன்!

மிச்சம் வைக்காமக் கொளுத்து எண்டு சொன்னது ஆர்? நான்தான்.

ஓடி வந்து என்ட சைக்கிளில ஏறினன். துறைக்கு வந்தா பாதை அக்கரையில. அதில ஏறின ஆக்கள் ஆடி அசைஞ்சு இறங்கி, புது ஆக்கள் ஆடி அசைஞ்சு ஏறி, அது வந்து சேர எனக்குப் பாதி உயிர் போயிட்டு. தர்சினிட முகம்தான் கண்ணுக்குள்ள. கரைக்கு வந்ததும் பறந்தன். ஹோர்ன் மண்டூரில. வழி நெடுக "ஹோய்! ஹோய்!" எண்டு கத்திக்கொண்டு வந்தன்.

வளவு மூலையில கிடங்கு வெட்டியாச்சு. உள்ள பேணி. பத்மா மண்ணெண்ணெய்ப் போத்தலோட நிக்கிறா.

"நெருப்புப் பெட்டியை எங்க வச்சுத் துலைச்சீங்க? காலமை விளக்குக் கொளுத்தினது நீங்கதானே? ஒரு மணித்தியாலமாத் தேடுறன்!"

சட்டைப் பையைத் தடவினன். அங்கதான் இருந்துது! வாழ்க்கையில முதல் தரம் என்ட மறதி ஒரு நல்ல வேலை செய்திருக்கு.

"பத்மா, கொளுத்தாத! அது எனக்கு வேணும்!"

"எலிப் பாசாணம் உங்களுக்கு என்னத்துக்கு?"

சொல்ல ஆயிரம் விசயம் இருந்துது. மூச்சு வாங்கினதில ஒண்டுதான் வாயில வந்துது. "நான் குடிக்க வேணும்!"

போத்தல் கையால விழுந்துது. ஓடி வந்து என்ட சட்டையை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு அழுது குளறினா. "உறுதி போனாப் போகட்டும்! வீடு போனாப் போகட்டும்! எனக்கு நீங்க இருந்தாக் காணும்!"

இருபத்தாறு வருசத்தில இப்பிடி ஒரு சொல்லு நான் கேட்டதில்ல. எனக்கும் கண் கலங்கிட்டு. உடன உண்மையைச் சொல்லியிருக்க வேணும், தெரியும். ஒரு நிமிசம் சும்மா நிண்டன். நல்லா இருந்துது.

மறுகா குனிஞ்சு பேணியைத் திறந்தன்.

உள்ள நாப்பத்தெட்டுப் பொட்டலம். ஒண்டும் பிரிக்கல்ல. நடுவில, சொப்பிங் பேக்கில சுத்தின உறுதி. ஒரு துளி ஈரம் இல்ல.

சத்தம் கேட்டு ஓடி வந்த தர்சினி உறுதியைப் பறிச்சு நெஞ்சோட வச்சுக்கொண்டு சிரிக்கிறா, அழுறா, ரெண்டையும் சேத்துச் செய்யிறா. பத்மா பொட்டலத்தைப் பாத்தா. என்னைப் பாத்தா. கண்ணைத் துடைச்சா.

"அப்ப எனக்குத் தெரியாம மருந்து வாங்கி, எனக்குத் தெரியாம ஒளிச்சு, அதில ஒண்டையும் குடிக்கவும் இல்ல."

"மறந்திட்டன்."

"இப்ப நான் சொன்னதையும் சேத்து மறந்திருங்க."

"அது மட்டும் மறக்குதில்ல பத்மா."

"வல்லாரை எங்க?"

கையைப் பாத்தன். வெறுங்கை. ரெண்டு பை மரக்கறி, ஒரு பிடி வல்லாரை, எல்லாம் வைத்தியர்ட சைக்கிளில தொங்குது. போகட்டும், அவருக்குத்தான் அது கூடத் தேவை.

உறுதியை இப்ப பத்மா வச்சிருக்கிறா, எங்க எண்டு எனக்குச் சொல்லல்ல. நாலு மாசம் ஒரு நாளும் விடாம வல்லாரைக்குள்ள கிடந்ததால, எங்கட வீட்டில இப்ப நல்ல ஞாபகசக்தி அதுக்குத்தான்.