பிட்டர் ரெண்டும் வேணும்

பிட்டர் அண்ணாச்சி காது வைத்துக் கேட்டுவிட்டால், சங்கரன்கோவிலில் எந்த இயந்திரமும் தப்ப முடியாது. எங்கள் முதலாளியின் விசைத்தறி ஷெட்டில் இருக்கும் இரண்டு ஃபிட்டர்களில் அவர் ஒருவர். எங்கள் ஊர் வாயில் ‘ஃ’ நிற்காது, அதனால் பிட்டர். அத்தனை தறி இரைச்சலுக்கு நடுவே நின்று, ஏழாவது தறியில் ஒரு நட்டு லூசு என்பார். போய்ப் பார்த்தால் லூசாகத்தான் இருக்கும். கல்யாண வீட்டில் கிரைண்டர் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். ஒருமுறை என் நெஞ்சிலேயே காதை வைத்து, “ஓடும் வே, பயப்படாதீரும்” என்று சர்டிபிகேட் கொடுத்தார்.

அதே முதலாளியின் ஹோட்டல் பாருக்கு நான் மேனேஜர். போன வருஷம் ஒரு சாயங்காலம், மும்பையிலிருந்து சேலை வியாபாரி வந்து இறங்கினார். ஷெட்டுக்குப் பெரிய ஆர்டரே அவர் கையில்தான். மனிதருக்கு விஸ்கியில் இரண்டு விதமான மூலிகைக் கசப்பு மதுவைக் கலந்து கொடுத்தால்தான் பேச்சே வரும். அந்த மதுவை பாரில் நாங்கள் ‘பிட்டர்’ என்போம். போன தடவை வந்தபோதே இரண்டு பாட்டிலையும், அளவு எழுதிய சீட்டையும் முதலாளியிடம் கொடுத்து வைத்திருந்தார்.

முதலாளி என்னைத் தனியே இழுத்தார். “இதுல சொதப்புனீருன்னா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்.”

என் மகள் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள்.

பாட்டில்களை முதலாளி பக்கத்துத் தெரு ஷெட்டில் வைத்திருந்தார். அங்கிருந்த கிளார்க்குக்குப் போன் போட்டேன்.

“பிட்டர் ரெண்டும் உடனே வேணும்!”

“ஒண்ணுதான் சார் இங்கன சும்மா கெடக்கு. இன்னொண்ணு காலையிலயே சிவகிரிக்குப் போயிட்டு.”

“சிவகிரிக்கா? யாருவே கொண்டு போனா?”

“யாரு கொண்டு போகணும்? அதுவா பஸ் ஏறிப் போயிட்டு.”

பாட்டில் எப்படி பஸ் ஏறும் என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டான். ஐந்தாவது நிமிஷம், ஸ்பானர் பையோடு வந்து நின்றார் பிட்டர் அண்ணாச்சி.

“எந்த மிஷின் வே நின்னுட்டு?”

“நான்தான் அண்ணாச்சி.”

விஷயத்தைச் சொன்னதும் சைக்கிளில் பறந்துபோய் பாட்டில்களை எடுத்து வந்தார். வழிந்த மது பிசினாய்க் காய்ந்து மூடிகள் இறுகியிருந்தன. ஸ்பானரால் திறந்தார். அவசரத்தில் முதல் அளவை நான் மேஜையில் கொட்டினேன். “தள்ளும் வே” என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். வாழ்நாளில் மதுவைத் தொட்டு நாக்கில் வைக்காத மனிதர்!

விஸ்கி இரண்டு பங்கு, கசப்பு இரண்டும் அரை அரைப் பங்கு, ஐஸ். குலுக்கக் கூடாது, கலக்க வேண்டும் என்றது சீட்டு. அவர் டம்ளரில் காதை ஒட்டிக்கொண்டு மெதுவாகக் கலக்க ஆரம்பித்தார். வெளியே வியாபாரி மேஜையைத் தட்டினார். முதலாளி இரண்டு முறை எட்டிப் பார்த்து முறைத்தார்.

“போதும் அண்ணாச்சி, என் வேலை போயிரும்!”

“சும்மா கெடயும். ஐஸ் இன்னும் கத்துது.” சற்றுக் கழித்து நிமிர்ந்தார். “இப்ப அடங்கிட்டு. வடிச்சுக் கொண்டு போவும்.”

வியாபாரி ஒரு மடக்கு குடித்தார். கண்ணை மூடினார். திறக்கவே இல்லை. மனசுக்குள் நான் ராஜபாளையத்தில் வேறு வேலை தேடத் தொடங்கிவிட்டேன். பிறகு கண்ணைத் திறந்து, இன்னொன்று கேட்டார்.

முதலாளி உள்ளே பாய்ந்து வந்தார். “யாருவே இதைக் கலக்குனது? இனிமே அவன்தான் பாருக்கு மேனேஜர்!”

நான் வாயைத் திறப்பதற்குள் பிட்டர் அண்ணாச்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“வேற யாரு, இவருதான் மொதலாளி. நான் காத்தாடி ரிப்பேர் பாக்க வந்தேன்.”

எங்கள் பாரில் ஃபேனே கிடையாது, ஏசிதான். முதலாளி மேலே பார்க்காமல் போனது என் அதிர்ஷ்டம்.

வாசலில் பிட்டர் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கூடப் பிறந்த அண்ணன் இல்லையே என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.