மகளுக்காக நான் கொடுத்த ஏழு விரல்

மகளுக்காக ரத்தம் சிந்திய தகப்பன் ஆட்டையாம்பட்டியில் நான் ஒருவன்தான். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருப்பதுதான் வருத்தம்.

எண்பத்தாறாம் வருஷம். வெண்ணந்தூரில் என் மச்சான் காளியண்ணனின் பத்து வயது மகனுக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான், குச்சியாக இளைத்தான். அதன் பிறகு தினமும் இன்சுலின் ஊசி. அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, எங்கள் எட்டு வயது மகள் பூங்கோதை ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டாலே, இது எத்தனையாவது சொம்பு என்று எண்ணுவேன்.

என் மனைவி வசந்தாமணி அவளைக் கூட்டிக்கொண்டு அஸ்தம்பட்டி டாக்டரிடம் போனாள். ஒரு பாட்டிலோடு திரும்பினாள்.

"ஒரு வாரம் காத்தால வெறும் வயித்துல ஊட்டுலயே சக்கர பாக்கோணுமாங்க."

உள்ளே மெல்லிய பட்டைகள். விரலைக் குத்தி, பட்டையில் ஒரு சொட்டு ரத்தம் வைத்து, துடைத்து, ஏறும் நிறத்தைப் பாட்டிலில் ஒட்டியிருக்கும் நிறங்களோடு ஒத்துப்பார்க்க வேண்டும்.

ஊசியைப் பார்த்ததும் பூங்கோதை ஓடு பறக்க அலறினாள்.

"அப்பா மொதல்ல குடுத்தாத்தான் நானு குடுப்பேன்!"

"அவுரு எங்கடி குடுக்கப் போறாரு? ஆசுபத்திரி வாசனைக்கே தல சுத்தி உழுவாரு."

சுருக்கென்று குத்தியது. ஊசி இன்னும் கிட்டவே வரவில்லை.

"ஆரப் பாத்து என்ன பேச்சு பேசற? தறிப் பட்டறையில இருவது பேர மேய்க்கறவன் நானு. குத்து புள்ள!"

விரலை நீட்டினேன். கண்ணை இறுக மூடினேன். கண்ணைத் திறந்துகொண்டுதான் வீரம் காட்ட வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க. புள்ளைக்கும் முடிஞ்சுதுங்க."

"அவ அழுவவே இல்லயே?"

"உங்களப் பாத்துத் தைரியம் வந்துருச்சுங்க."

நெஞ்சு இரண்டு முழம் விரிந்தது.

ஏழு நாள். ஏழு விரல். ஏழு நாளும் கண்ணை மூடிக்கொண்டுதான். நிறம் பார்ப்பதும் நோட்டில் எழுதுவதும் வசந்தாமணியின் வேலை. விரல்களைத் தறிக்காரர்களிடம் காட்டினேன். பக்கத்து வீட்டு அங்கம்மாளிடம் காட்டினேன். சேலம் பஸ் கண்டக்டரிடமும் காட்டினேன். அவர் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். ஆனாலும் தினமும் காலையில், "கொழந்தைக்கு எப்பிடி?" என்று கேட்டு, "நல்லாருக்குங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்குத் தோசை இறங்கும்.

எட்டாம் நாள் மூவரும் போனோம். டாக்டர் நோட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"கொழந்தைக்கு... சக்கரையாங்க?"

"பாப்பாவுக்கா? அவளுக்கு அன்னிக்கே இங்க பாத்தாச்சே. ஒண்ணுமில்ல. இந்த ஏழும் உங்களுது. உங்களுக்குத்தான் சர்க்கரை ஏகத்துக்கு இருக்கு. பயப்படாதீங்க, உங்க மச்சான் பையனுக்கு வந்த வகை இல்ல. ஊசி வேண்டாம், மாத்திரையும் பத்தியமும் போதும்."

நான் வசந்தாமணியைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்குச் சக்கர பாக்கோணும்னு மூணு வருசமாக் கூப்புட்டனுங்க. வந்தீங்களா? அண்ணன் பையனப் பாத்த பொறவு எனக்குச் சோறே எறங்கலீங்க."

கோபப்பட மனம் வரவில்லை. இப்படி ஒருத்தி யாருக்கு வாய்ப்பாள்? பூங்கோதையிடம் திரும்பினேன்.

"அப்ப நீ அன்னிக்கு அலறுனது?"

"அம்மா அழுவச் சொல்லுச்சுங்கப்பா," என்று பல்லைக் காட்டினாள். "நல்லா அழுதனுங்களா?"