குளிர் கேட்டால் கொதிக்கும் பெட்டி

உச்சிப்புளி,
மாசி மாதம், வெயில் ஏறும் நேரம்.

டொரண்டோ பனிக்குள் சௌக்கியமாய் இருக்கும் அருமை மாப்பிள்ளை யோகேஸ்வரனுக்கு, உன் அக்கா நாகலெட்சுமியைக் கட்டிக்கொண்ட மருதுபாண்டி எழுதிக்கொள்வது. நீ, உன் வீட்டுக்காரி, குழந்தை மூவருக்கும் நம்ம குலசாமி துணை. இங்கே மாடு நலம், கோழி நலம், களத்தில் காயும் குண்டு மிளகாயும் நலம். வீட்டுக்குள் இருக்கிற நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெந்துகொண்டிருக்கிறோம். போனில் சொல்லலாமென்றால் உன் அக்கா என் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறாள். தம்பி கொடுத்த பொருளை ஒரு சொல் குறை சொன்னால் அன்றைக்கு எனக்குக் கஞ்சிதான். அதனால் மோட்டார் ரூமில் ஒளிந்து எழுதுகிறேன். போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன்.

விஷயம், நீ அனுப்பிய அந்த ஸ்மார்ட் தெர்மோஸ்டாட். போன வருஷம் குலசாமி கோயில் மாசிக் களரித் திருவிழாவுக்கு வந்தபோது குழந்தைக்குப் புழுங்குகிறது என்று நீ தங்கும் ரூமில் ஹீட் பம்ப் ஒன்றை மாட்டிவிட்டுப் போனாய். குளிரும் தரும், சூடும் தரும் என்றாய். உச்சிப்புளியில் சூட்டைக் காசு கொடுத்து வாங்கிய முதல் குடும்பம் நாம்தான் என்று ஊரே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், தனியாய் அழுவதற்கு அது மேல். இந்த வருஷம் குழந்தை காதுகுத்துக்கு வரும்போது ரூம் முன்கூட்டியே குளிர்ந்திருக்க வேண்டும், அங்கிருந்தே போனில் தட்டுவேன் என்று இந்தச் சுவர்ப்பெட்டியை அனுப்பினாய். ரூம் சரியில்லையென்றால் ராமேஸ்வரத்தில் லாட்ஜ் போட்டுக்கொள்வேன் என்றும் சொல்லிவிட்டாய். அதிலிருந்து உன் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "எந் தம்பி லாட்ஜுல தங்குனா நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டுப் பொங்க வைப்பேன்?" என்று என்னைத்தான் முறைக்கிறாள், நான் ஏதோ லாட்ஜ் ஓனர் மாதிரி.

சரியென்று போர் மோட்டார் பார்க்கும் முனியசாமியைக் கூப்பிட்டேன். உள்ளே கலர் கலராய்க் கம்பி. பச்சையைப் பார்த்ததும் அவனுக்குக் குஷி. "அண்ணே, பச்சைன்னா எர்த்து. இது தெரியாமயா தொழில் பண்றேன்?" என்று தென்னை மரத்தடியில் குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு, அதைப் பூமியில் இறக்கிவிட்டான். நானும் மண் தள்ளினேன். அது ஃபேனுக்குப் போகிற கம்பி என்று நீ போனில் கத்திய பிறகு தோண்டி எடுத்தோம். அடுத்தது ஆரஞ்சுக் கம்பி. அது குளிருக்கு வேலை செய்வதா, சூட்டுக்கு வேலை செய்வதா என்று பெட்டி எங்களையே கேட்டது.

"ஏலே முனியசாமி, என்னத்தச் சொல்ல?"

"தெரியாத கேள்விக்கு ரெண்டாவது விடையத் தட்டணும்ணே. எம்மவன் அப்படித்தான் பத்தாவது எழுதுனான்."

தட்டினேன். அவன் மகன் இன்னும் எழுதிக்கொண்டேதான் இருக்கிறான் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அதிலிருந்து குளிர் கேட்டால் கொதிக்கிறது. ரூம் சூடாகச் சூடாக, ஐயோ இன்னும் குளிர் வேணுமே என்று பெட்டி மெஷினை விரட்டுகிறது. மெஷின் இன்னும் சூட்டை ஊதுகிறது. நீ அங்கன இருந்து பார்த்துவிட்டு, பாவம் அக்கா என்று இருபத்திரண்டை இருபதாக்குகிறாய், இருபதைப் பதினெட்டாக்குகிறாய். உன் பாசம் கூடக் கூட நாங்கள் அவிகிறோம். கையால் மாற்றலாமென்றால், நான் நோண்டுகிறேன் என்று பூட்டுப் போட்டு நம்பரை நீயே வைத்துக்கொண்டாய். மெயினை அணைத்தேன், உடனே உனக்குத் தகவல் போய், "மச்சானுக்கு நான் குடுத்ததுன்னாலே எளக்காரம்" என்று அக்காவிடம் மூக்கை உறிஞ்சினாயாம். அவளோ என்னையும் அந்த ரூமிலேயே உட்காரவைத்து, கழுத்து வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "எந் தம்பி குடுத்த காத்து, வெதுவெதுன்னு நல்லாத்தான இருக்கு" என்கிறாள்.

ஆகவே மாப்பிள்ளை, கை கூப்பிக் கேட்கிறேன். ஒரே ஒரு தரம் உன் வாயால் "கழட்டிருங்க" என்று அக்காவிடம் சொல். முனியசாமி பழைய ரிமோட்டுக்கே மாற்றித் தருவான். நீ வரும்போது ரூம் மார்கழியாய் இருக்கும். லாட்ஜ் வேண்டாம். குழந்தைக்கு என் முத்தம், உன் வீட்டுக்காரிக்கு ஆசி, உனக்கு வழக்கம்போல வசவு கலந்த வாழ்த்து.

இப்படிக்கு,
பாதி வெந்த மச்சான்
மருதுபாண்டி

பின்குறிப்பு: இதை அனுப்புமுன் மழை கொட்டிவிட்டது. மாசியில் மழை! களத்து மிளகாய் நனைந்தால் கறுத்துப்போகும், ஒரு வருஷப் பாடும் குப்பைக்குத்தான். உன் அக்கா யோசிக்கவே இல்லை. எல்லாவற்றையும் அள்ளி உன் ரூமில் பரப்பினாள், கட்டில் மேல் கூட. மழை மூன்று நாள் விடவில்லை. இன்றைக்கு ஒரு காயை எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கிறது! ஊர் மிளகாயெல்லாம் கறுப்பு, நம்முடையது மட்டும் சிவப்பு. பக்கத்து வீட்டு ஈஸ்வரி மதினி மூட்டையோடு வாசலில் நிற்கிறாள். ஸ்குரூடிரைவரோடு வந்த முனியசாமியை உன் அக்கா, "ஏலே, கம்பியத் தொட்ட, கைய ஒடிச்சுப்புடுவேன்" என்று விரட்டினாள். போனவன் அவன் வீட்டு மிளகாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஆகையால் எதையும் கழற்றச் சொல்லாதே. இன்று காலையில் எங்கள் மேல் இரக்கப்பட்டுப் பெட்டியைப் போனிலேயே அணைத்துவிட்டாயே, அதை உடனே போடு, பதினெட்டில் வை. ராமேஸ்வரத்தில் நல்ல லாட்ஜாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். உன் அக்காதான் பார்க்கச் சொன்னாள்.