இத்துடன் ஒரு தீக்குச்சி

பழவேற்காடு,
18-1-1985, வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் ஜனாப் ஜலாலுதீன் அவர்கள் சமூகத்துக்கு, பழவேற்காட்டில் வசித்துவரும் முத்திரைத்தாள் விற்பனையாளரும் பத்திர எழுத்தருமாகிய கௌஸ் மைதீன் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் நான் சுகம். மண்ணடியில் தாங்களும், தங்கள் வீட்டில் அறுபத்து மூன்று நாட்களாக இருந்துவரும் என் மனைவி உம்மு ஹானியும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

மேற்படி உம்மு ஹானி இங்கிருந்து ஏன் புறப்பட்டாள் என்பதை அவள் தரப்பில் கேட்டிருப்பீர்கள். என் தரப்பையும் எழுதிவிடுகிறேன். புயலன்று ஏரி வாசற்படி ஏறியபோது நான் முதலில் தூக்கிப் பரண்மேல் வைத்தது முத்திரைத்தாள் கட்டு. அது சர்க்கார் இருப்பு, ஒரு தாள் வீணானாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான். இரண்டாவது, ஊர்க்காரர்கள் என்னை நம்பிக் கொடுத்திருந்த பத்திரங்கள். மூன்றாவதாக அவளுடைய தகரப் பெட்டிக்கு வந்தேன். பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் தண்ணீருக்குள் இருந்தது. அதன் அடியில் தங்கள் தாயார் மர்ஹூமா ஆமினா பீவி அவர்கள் அரபுத் தமிழில் எழுதிவைத்த சமையல் நோட்டு இருந்தது எனக்கும் தெரியும், அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. "ஊரான் பத்திரம் பரண் மேல, எங்கம்மா நோட்டு தண்ணிக்குள்ள. நல்லாக்கீது உங்க நாயம்" என்றாள். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இந்த ஈர வூட்ல நான் இருக்கமாட்டேன். மாடத்துல வெச்ச தீப்பெட்டி என்னிக்கு ஒரே உரசல்ல எரியுதோ, அன்னிக்கு ஆளனுப்புங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

அன்று முதல் வீட்டைக் காயவைப்பதே என் வேலையாகிவிட்டது. கரி மூட்டினேன், சுவர் கறுத்தது, காயவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தேன், பகலில் காய்ந்த சுவர் விடிந்து பார்த்தால் குளித்துவிட்டு நிற்கிறது. இந்த நிலையில்தான், புயல் நிவாரணத்துக்கு வந்த ஒரு தொண்டு நிறுவனத்தார் பொன்னேரியில் வெள்ளச் சேதச் சீரமைப்புக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி கொடுத்துச் சர்டிபிகேட்டும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஐம்பத்து நான்கு வயதில் கூச்சத்தை விட்டுப் பெயர் கொடுத்தேன். மொத்தம் இருபத்தொரு பேர். என் பக்கத்தில் உட்கார்ந்தவர் காட்டூர் விவசாயி செங்கல்வராயன். சொல்லிக்கொடுத்தது மார்கரெட் என்ற அம்மாள், கண்டிப்பானவர். தண்ணீர் மூன்று வகை, சுத்தமானது, அழுக்கானது, சாக்கடை என்றார். மரத்தை வெயிலில் போடாதே, நிழலில் காயவை என்றார். நனைந்த புத்தகத்தின் இதழ்களை அவசரப்பட்டுப் பிரிக்காதே, நடுநடுவே மை இல்லாத நல்ல தாளை வைத்துத் தினமும் மாற்று, செய்தித்தாள் வைத்தால் அச்சு ஒட்டிக்கொள்ளும் என்றார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பிறகு எழுந்து, "அம்மா, எங்க ஏரித் தண்ணி இந்த மூணுல எதுல சேரும்?" என்று கேட்டேன். அவர், "நாளைக்கு உங்க வூட்லதான் வகுப்பு" என்றார்.

மறுநாள் அத்தனை பேரும் வந்து இறங்கினார்கள். மார்கரெட் அம்மாள் நேராக நடுக்கூடத்துச் சுவரைத் தடவி விரலை நாக்கில் வைத்தார். குரு செய்ததைச் சீடர்கள் செய்ய வேண்டுமா இல்லையா, இருபது பேரும் வரிசையில் வந்து என் சுவரைத் தடவி ருசி பார்த்தார்கள். செங்கல்வராயன் மட்டும் நான்கு சுவரையும் பார்த்துவிட்டு, "சமையக்கட்டு செவுருதான் தூக்கலா கீது" என்று அபிப்பிராயம் சொன்னார். சுவருக்குள் உப்பு இருக்கும்வரை அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஆகையால் காயவைப்பதற்கு முன்னால் வீடு முழுவதையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்பது அம்மாளின் தீர்ப்பு. மச்சான், இந்த ஊரில் நல்ல தண்ணீர் என்றால் என்ன என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செங்கல்வராயன் தன் மாட்டுவண்டியில் பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்தார், நான் சுவருக்கு ஊற்றினேன். மீன் விற்கும் லோகாம்பாள் கூடையோடு வாசலில் நின்றுவிட்டாள்.

"இன்னா பாய், குடிக்கிற தண்ணிய செவுத்துக்கு ஊத்துறே?"

"வூடு காயறதுக்கும்மா" என்றேன்.

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலத்துக்குள், பொண்டாட்டி போனதில் பாய்க்குப் புத்தி பிசகிவிட்டது என்று தோணிரேவு வரைக்கும் பேச்சு. தங்கள் காதுக்கும் வந்திருந்தால் நம்ப வேண்டாம்.

கழுவிய பிறகு காட்டூர் களிமண்ணைக் குழைத்துச் சுவரெல்லாம் அப்பினோம். களிமண் காய்ந்தபோது அதன்மேல் வெள்ளை வெளேரென்று உப்பு பூத்தது. சுரண்டினோம், மறுபடி அப்பினோம், மறுபடி பூத்தது. இப்படி நான்கு தடவை. அதற்கப்புறம் எழுத்துப் பரீட்சை. ஈரம் உள்ள இடத்தை வர்ணிக்கவும் என்று கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த விதத்தில், மேற்படி ஈரத்துக்கு வடக்கே சமையற்கட்டு நிலைப்படி, தெற்கே மாடம், கிழக்கே கொல்லை ஜன்னல், மேற்கே உம்மு ஹானி பெட்டி வைத்திருந்த இடம், இதற்குட்பட்டது என்று நான்கெல்லையும் எழுதினேன். அம்மாள் படித்துச் சிரித்துவிட்டு நூற்றுக்கு எண்பத்தாறு போட்டார். சர்டிபிகேட் வந்துவிட்டது. கண்ணாடி போட்டு நடுக்கூடத்தில் மாட்டியிருக்கிறேன். பயிற்சியிலும் சுவர் வேலையிலுமாக இருந்ததால் ஒரு மாதமாகப் பத்திரம் எழுதவில்லை. முத்திரைத்தாளும் இருப்பு இல்லை, அது எப்படித் தீர்ந்தது என்பது இந்தக் கடிதத்துக்கு அவசியமில்லாத விஷயம்.

ஆகவே மச்சான் அவர்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால், வீடு பூரணமாகக் காய்ந்துவிட்டது. இது சர்டிபிகேட் பெற்றவன் சொல்வது. புதன்கிழமை மாடத்தில் வைத்த தீப்பெட்டியை இன்று காலை எடுத்து உரசினேன், ஒரே உரசலில் எரிந்தது. மேற்படி குச்சியை அத்தாட்சியாக இத்துடன் இணைத்துள்ளேன். அதை உம்மு ஹானியிடம் காட்டி, அவளை அனுப்பிவைக்கக் கோருகிறேன். இரண்டு மாதமாக நானே பொங்கித் தின்கிறேன், அதுகூடப் பெரிதில்லை. வீட்டில் என்னைத் திட்ட ஆள் இல்லாமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறது. அவளிடம் இதை வாசிக்க வேண்டாம், குச்சியை மட்டும் காட்டினால் போதும்.

தங்கள் குடும்பத்துக்கு அல்லாஹ் எல்லா பரக்கத்தும் தரட்டும். பெரியவர்களுக்கு என் ஸலாம், குழந்தைகளுக்கு என் துஆ.

இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மச்சான்,
கௌஸ் மைதீன் (சர்டிபிகேட் எண் 17)

பி.கு.: அண்ணே, நான் ஹானி எழுதுறேன். நான் இங்க வந்தது என் குடைய எடுத்துட்டுப் போறதுக்குத்தான். தை மாசத்துல குடை எதுக்குன்னு கேக்காத. வந்தப்போ இவரு ஜும்மாவுக்குப் போயிருந்தாரு, இந்தக் கடுதாசி ஒட்டாம மேசை மேல இருந்துச்சு. முழுக்கப் படிச்சேன். இதுல எழுதின எதையும் நம்பாத. வூடு காயல. மாடத்துப் பெட்டியில பதினோரு குச்சி உரசிப் பாத்தேன், மருந்துதான் உதிருது. நீ பாக்கப்போற குச்சிய லோகாம்பா அடுப்புல பத்த வெச்சாராம், அவளே சொல்லிச் சிரிக்கிறா. சர்டிபிகேட்டு கண்ணாடிக்குள்ளயே உப்பிக்கினு கீது.

அப்புறம் என் பெட்டியத் தொறந்தேன். அம்மா நோட்டு மேலாவே இருக்குது. பாதி எழுத்து போயிடுச்சு, பாதி படிக்க முடியுது. தாளுக்குத் தாளு நடுவுல வெத்து முத்திரைத்தாள வெச்சிருக்காரு. முத்திரை எல்லாம் வெளியே நீட்டிக்கினு நிக்குது. எண்ணிப் பாத்தேன், நாப்பத்தொண்ணு. அன்னிக்கு என் பெட்டிய வுட்டுட்டுத் தூக்கிக்கினு ஓடினாரே, அதே கட்டு.

நான் வரல. என் துணிப் பைய யாராவது வந்தா குடுத்தனுப்பு. அதோட ஒரு கட்டு தீப்பெட்டியும் அனுப்பு. இங்க ஒண்ணும் எரிய மாட்டேங்குது.