தாடையால் தண்டவாளம் ஒட்டியவன்

என் ரயில் விஷயத்தில் இனி மனைவி மாரிசெல்வியிடம் ஒரு யோசனையும் கேட்பதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சபதம் எடுத்தேன். பத்தேகாலுக்குக் கேட்டுவிட்டேன்.

நான் காளீஸ்வரன். வயது நாற்பத்திரண்டு. சிவகாசி அச்சாபீஸில் மெஷின்மேன். சின்ன வயதிலிருந்தே பொம்மை ரயில் என்றால் உயிர். போன மாதம்தான் வாங்கினேன். ஒரு இன்ஜின், மூன்று பெட்டி, வட்டமாகத் தண்டவாளம். அதைப் பதிக்க ஒரு கனமான தெர்மாகோல் பலகை. மகளுக்கு வாங்கியதாகத்தான் வீட்டில் அறிவித்தேன். மகள் ஹர்ஷினி பார்த்தாள். "பத்திரமா விளையாடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு டியூஷனுக்குப் போய்விட்டாள்.

முதலில் ஆணி அடித்தேன். தெர்மாகோல் ஆணியை வாங்கிக்கொண்டதே தவிர, பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டாவது சுற்றில் ரயிலோடு தண்டவாளமும் ஊருக்குக் கிளம்பியது.

அடுத்து, செருப்பு ஒட்டுகிற பசை. தாராளமாக ஊற்றினேன். 'உஸ்ஸ்' என்றது. மலை வரவேண்டிய இடத்தில் வெம்பக்கோட்டை அணை மாதிரி ஒரு பள்ளம்!

வாசற்படியில் மாரிசெல்வி. பட்டாசுப் பெட்டி ஒட்டும் கம்பெனியில் பதினைந்து வருஷ சர்வீஸ்.

"என்னங்க அது, குழி?"

"டிசைன்."

"டிசைன் இன்னும் உருகிக்கிட்டே இருக்கே!"

எங்களுக்குள் ஏற்கெனவே ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது. கம்பெனிப் பெண்கள் வேன் பிடித்து மூன்று நாள் குற்றாலம் போகிறார்கள், அவளும் போகவேண்டும். பத்து நாளாக நான் 'பாப்போம்' என்ற ஒரே வார்த்தையில் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்குச் சமையலில் தெரிந்தது வெந்நீர் மட்டும்தான்.

"சரி, நீதான் சொல்லேன்" என்றேன்.

பலகையைத் திருப்பிப் போட்டாள். வெள்ளைப் பசையை விரலால் மெலிசாக இழுத்துவிட்டாள். தண்டவாளத்தை வைத்தாள்.

"அமுக்கிப் பிடிங்க. ஒரு மணி நேரத்துக்கு எடுக்கப்படாது. எடுத்தீகன்னா தூக்கிரும்."

வட்டத்துக்கு இரண்டு கை போதவில்லை. முழங்கை இரண்டையும் ஊன்றினேன். மிச்ச இடத்தில் தாடையை வைத்தேன். அந்த நேரம் பார்த்து மாரிசெல்வி தன் போனை என் காதருகே நீட்டினாள்.

"வேன் பிடிக்கிற சொர்ணலட்சுமி அக்கா பேசுறாக."

"தம்பி, வேன்ல ஒரு சீட்டுதான் பாக்கி. செல்விய அனுப்புறீகளா?"

'பாப்போம்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். தாடை எழும்பியது. தண்டவாளமும் எழும்பியது. பதறிப்போய் அமுக்கினேன். வாயைத் திறக்காமல் சொல்லக்கூடிய வார்த்தை தமிழில் ஒன்றுதான் இருக்கிறது.

"ம்ம்."

"மூணு நாளும் சமையல நீங்களே பாத்துக்குவீகளா?"

"ம்ம்!"

"தங்கமான தம்பி!"

ஒரு மணி நேரம் கழித்து எழுந்தேன். கழுத்து ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆனால் ரயில் ஓடியது பாருங்கள்! பத்துச் சுற்று, துளி ஆட்டம் இல்லை. நானே வாயால் ஊதல் கொடுத்தேன். மாரிசெல்வி கைதட்டினாள். அந்தச் சந்தோஷத்தில் குற்றாலம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை.

"ஏ செல்வி, உங்க கம்பெனியிலயும் பெட்டிய இப்படித்தான் ஒரு மணி நேரம் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருப்பீகளா?"

பையில் சேலையை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்:

"யாரு பிடிப்பா? மேல ரெண்டு செங்கல்ல வச்சுட்டு டீ குடிக்கப் போயிருவோம்."