பூவிழியும் பதினான்கு பொய்யர்களும்

பதினான்கு சீட்டையும் பிரித்துப் பார்த்த பூவிழிக்குத் தலை சுற்றியது. ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் வியாழக்கிழமை என்றே எழுதியிருந்தார்கள்.

வலங்கைமான் பக்கத்துச் சிற்றூர் அது. சம்பா விளைந்து நின்றது. விவசாயிகள் பதினான்கு பேர்; அறுவடை மெஷினோ ஒன்றே ஒன்று. யார் வயலுக்கு என்றைக்கு மெஷின் என்று சண்டையில்லாமல் பிரித்துக் கொடுக்க ஓர் அல்காரிதம் எழுதியிருந்தாள் பூவிழி. தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றின் கணினித் துறையில், ஆராய்ச்சித் திட்டமொன்றில் அவளுக்குத் தற்காலிக வேலை. படித்தது கேம் தியரி. அதாவது, மனிதர்கள் சொந்த லாபத்துக்காக எப்படியெல்லாம் மூளையைக் கசக்குவார்கள் என்று சொல்லும் சாஸ்திரம். மார்ச்சில் திட்டம் முடிகிறது. அதற்குள் அல்காரிதம் ஊரில் ஓடிக் காட்டினால் நிரந்தர வேலை. இல்லையென்றால் வேதாரண்யத்துக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அங்கே அம்மா மாப்பிள்ளை ஜாதகங்களை விசிறிபோல் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

இந்தக் கவலையில்தான் முதல் நாளே, இரண்டு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த தங்கம்மாள் சோறு போட்டபடி, "ப்ராஜெக்ட் முடிஞ்சதும் என்ன பண்ணுவே?" என்று கேட்டபோது, "அது முடிஞ்சா என் வேலையும் முடிஞ்சுதுக்கா" என்று பெருமூச்சு விட்டிருந்தாள்.

"நெல்லு எப்ப முத்துமோ அந்தத் தேதியை எழுதுங்கன்னுதானே சொன்னேன்?" என்றாள் இப்போது. "பொய் சொன்னா யாருக்கும் லாபமில்லைங்க. நிரூபிச்சே வச்சிருக்கேன்!"

"நிரூபிச்சிருப்பீங்க டீச்சர்," என்றார் விவசாயிகள் சங்கத் தலைவர் ரெத்தினம், பரம சாதுவாக. "எங்களுக்குத்தான் புத்தி போதல."

பூவிழி விதியை மாற்றினாள். கடைசி நாள் கேட்பவருக்கு அடுத்த குறுவையில் முதல் மெஷின். மறுநாள் பதினான்கு பேரும் கூண்டோடு கடைசி நாளுக்குத் தாவினார்கள்.

"அக்கா, உங்க நெல்லு சாஞ்சே கிடக்கு! கடைசி நாள் வரைக்கும் தாங்குமா?"

"அதை நான் பாத்துக்கறேன்," என்றாள் தங்கம்மாள். "நீ மொதல்ல மோரைக் குடி. முகமெல்லாம் வாடிப்போச்சு."

ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள், அதுதான் வினை என்று முடிவு கட்டினாள் பூவிழி. மறுநாள் வெயிலில் வரப்பு வரப்பாக நடந்து தனித்தனியாகக் கேட்டாள். ஒருவர் போன வாரத்துத் தேதியைச் சொன்னார். ரெத்தினம் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "பங்குனி பத்து" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் வயல் மொட்டையாகக் கிடந்தது.

"அண்ணே, உங்க வயல் அறுத்தாச்சே!"

ரெத்தினம் திரும்பிப் பார்த்தார். "அடடே, ஆமால்ல! மெஷின் சும்மா நின்னுச்சு, விட்டு ஓட்டிட்டோம் போல."

பூவிழிக்கு அழுகை முட்டியது. ஐந்து வருடம் படித்த படிப்பு இந்த ஊரில் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை துறைத் தலைவர் அறிவுச்செல்வன் நேரில் வந்துவிட்டார். நெல் காயும் களத்தில் ஊரே கூடியது.

"அறுப்பெல்லாம் எப்படிங்க?"

"அமோகம் சார்," என்றார் ரெத்தினம். "எல்லா வயலும் முடிஞ்சுது. ஒரு சின்னச் சண்டைகூடக் கிடையாது."

பேராசிரியர் முகம் மலர்ந்தது. "எல்லாம் பூவிழியோட அல்காரிதமா?"

"சேச்சே! நாங்களா பேசிப் பிரிச்சுக்கிட்டோம் சார். டீச்சரோடது சுத்தமா வேலை செய்யல. அதை இன்னும் மூணு வருஷமாவது ஆராய்ச்சி பண்ணணும்."

பதினான்கு தலைகளும் ஆமாம் என்று ஒரே சீராக ஆடின. பூவிழி பொறுக்க முடியாமல் வெடித்தாள்.

"ஏன் இப்படிப் பண்றீங்க? எத்தனை தடவை சொன்னேன்? பொய் சொல்லி உங்களுக்கு என்னதான் லாபம்?"

தங்கம்மாள் ஓடி வந்து முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தாள்.

"எங்களுக்கு என்னடியம்மா லாபம்? ப்ராஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடிஞ்சுதுன்னு நீதானே சொன்னே. அதான் பதினாலு பேரும் கூடிப் பேசி, அதை முடியவே விடாம பாத்துக்கிட்டிருக்கோம்!"