சிந்தாமணி கொட்டிய காந்தம்

குப்பி சாய்வதை அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிடித்திருக்க வேண்டிய கையில் சொட்டு உறிஞ்சும் பிப்பெட் இருந்தது. இன்னொரு கைதான் குப்பியைத் தட்டிவிட்ட குற்றவாளி. பச்சைத் திரவம் மேசைமேல் ஓடி, விளிம்பில் ஒரு கணம் நின்று யோசித்து, அவன் வெள்ளை ஷூவில் இறங்கியது.

ஆய்வகத்தில் அவனுக்குச் சிந்தாமணி என்று பெயர். எதையும் சிந்தாமல் ஒரு வாரம்கூட ஓட்டியதில்லை என்பதால் நண்பர்கள் அன்போடு சூட்டியது.

கொட்டியது லேசுப்பட்ட பச்சை அல்ல. அதன் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு குட்டிக் காந்தம். கடுங்குளிரில் வைத்து மைக்ரோவேவ் அலையால் ஒரு தட்டுத் தட்டினால் தலைகீழாகத் திரும்பும். தட்டியதை அது எவ்வளவு நேரம் ஞாபகம் வைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. நிறைய நேரம் என்றால் நாளைய குவாண்டம் கணினிக்கு க்யூபிட் என்கிற ஒரு ஞாபகத் துணுக்கு, அவனுக்கு ஒரு டாக்டர் பட்டம். உடனே மறந்துவிட்டால் வெறும் பச்சைத் தண்ணீர். நாளைக்கு ஆய்வுக் கமிட்டி கூடுகிறது. இந்த முறையும் கையை விரித்தால் மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள்.

கமிட்டியைவிடப் பெரிய ஆபத்து மேல்மாடியில் இருந்தது. மூலக்கூறைத் தயாரித்தவள் அங்கே வேதியியல் பிரிவில் இருக்கும் அவன் மனைவி. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டுத் தயாரித்தது. காலையில் குப்பியைக் கொடுத்தபோது, "பார்த்து" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

குப்பியின் அடியில் இரண்டு சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கரைப்பான் ஊற்றி அலசி, கண்ணாடிக் குழாயில் குறி வரைக்கும் நிரப்பினான். இப்போது அதைப் பச்சை என்று யாராவது சொன்னால்தான் பச்சை. இயந்திரத்தின் குளிருக்குள் இறக்கிவிட்டு, தட்டினான்.

திரையில் மூலக்கூறின் ஞாபகத்தைக் காட்டும் கோடு எழுந்தது. வழக்கமாக எழுந்த வேகத்தில் பொத்தென்று விழுந்துவிடும். இது விழவில்லை.

"விழுடா" என்றான், பயந்துபோய்.

விழவில்லை. நிதானமாக, கடற்கரையில் காற்று வாங்குகிறவரைப் போலப் போய்க்கொண்டே இருந்தது.

"என்னப்பா அது?" பின்னால் அவன் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடின் குரல். மூட்டுவலிக்காரர், அன்று நாற்காலி ஒன்றைத் தாண்டியே வந்துவிட்டார். "நம்ம மெஷின்ல இதுவரைக்கும் வந்ததைவிடப் பத்து மடங்குய்யா! நான் சொன்ன அடர்த்திதானே?"

"அதே... அதேதான் சார்."

அவனுக்குக் காரணம் புரிந்துவிட்டது. குட்டிக் காந்தங்கள் நெருங்கி உட்கார்ந்தால், ஒரே அறையில் அடைபட்ட சொந்தக்காரர்கள் மாதிரி ஒன்றையொன்று நச்சரித்து எல்லாவற்றையும் மறக்கடித்துவிடும். நீர்க்கவிட்டதில் ஆளுக்கொரு தனி வீடு கிடைத்துவிட்டது! கூவ வேண்டும் போலிருந்தது. கூவினால், ஏன் நீர்க்கவிட்டாய் என்று கேட்பார்களே.

"மேல்மாடிக்கு இப்ப மூச்சு விடாதே" என்றார் கைடு. "இன்னொரு குப்பி வாங்கி இன்னொரு தடவை எடு. உறுதியாகட்டும், நானே சொல்றேன்."

படியேறினான்.

"இன்னொரு குப்பி கிடைக்குமா?"

"காலைல குடுத்தது?" என்றாள் மனைவி.

"அது... செலவாயிடுச்சு."

அவள் கண் அவன் ஷூவுக்கு இறங்கியது. இடது ஷூ மட்டும் பச்சை. உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கி, குளிர்பெட்டியைத் திறந்து, தயாராக வைத்திருந்தது போல ஒரு குப்பியை எடுத்து நீட்டினாள். திட்டவே இல்லை.

"ஏன் திட்டல?"

"அப்புறம் சொல்றேன். இதையாவது ஒழுங்காக் கொண்டுபோய்ச் சேர்த்துடு."

சேர்த்தான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சரித்திரத்தில் முதல் முறை. பழைய குழாயையே கழுவி இதை நிரப்பி, இயந்திரத்தில் வைத்துத் தட்டினான். கோடு பொத்தென்று விழுந்தது.

சரிதான், நீர்க்க வேண்டுமே! யாரும் பார்க்காதபோது கரைப்பான் கலந்தான். பொத். இன்னும் கலந்தான். பொத். இன்னும் தாராளமாகக் கலந்ததில் கோடே காணாமல் போய்விட்டது.

கைடு மேல்மாடிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். "என்னம்மா, முதல் குப்பி அமோகமா இருந்துச்சு. ரெண்டாவதுல எதையோ கோட்டை விட்டுட்டீங்களே! நாளைக்குக் கமிட்டி முன்னாடி எதைக் காட்டறது?"

மறுமுனையில் அவள் குரல் உயர்ந்தது.

"முதல் குப்பி அமோகமாவா? இதோ வரேன் சார்."

படிகளில் தடதடவென்று செருப்புச் சத்தம். சிந்தாமணிக்குத் தன் மானம் போவதைப் பற்றி அவ்வளவு கவலையில்லை, பழகிப்போன விஷயம். அவள் வேலையை ஒருவர் குறை சொல்லிக் கேட்பதுதான் புதிது. அது தாங்கவில்லை.

"சார், அவ மேல தப்பே இல்ல" என்று கடகடவென்று கொட்டினான். இதையும் கொட்டத்தான் செய்தான். "முதல் குப்பியை நான் கவுத்துட்டேன். மிச்சம் ரெண்டு சொட்டு. அதைத் தண்ணியாக் கரைச்சு வெச்சேன். அதான் அப்படி வந்துச்சு. ரெண்டாவதையும் கரைச்சுப் பார்த்தேன், வரல. ஏன்னு சத்தியமாத் தெரியல."

கைடு மெதுவாக நாற்காலியில் சரிந்தார். "ரெண்டு சொட்டு. அதுவும் போச்சு. இனி அதுக்கு எங்கய்யா போறது?"

"எங்கயும் போக வேணாம் சார்" என்றாள் வாசலில் நின்ற மனைவி. மூச்சு வாங்கியது, கண் பளபளத்தது. "என் அலமாரில ஒரு பெரிய பாட்டில் நிறைய இருக்கு."

"பாட்டிலா?" என்றான் அவன். "குப்பி குப்பியாத்தான் எடுக்க முடியும், உயிர் போகுதுன்னியே?"

"அது ரெண்டாவது குப்பி."

"அப்ப முதல் குப்பில இருந்தது என்ன? சுத்தி வளைக்காம நேராச் சொல்லு."

நேராகவே சொன்னாள்.

"போன வருஷம் நீயும் சாருமாச் சேர்ந்து, கெட்டியாவே வெச்சுப் பார்த்துட்டு, 'இதுக்கு ஞாபகசக்தியே கிடையாது'ன்னு திருப்பி அனுப்பினீங்களே என்னோட பழைய மூலக்கூறு, அதே உலோகம், அதே பச்சை, அதைத்தான் உனக்குக் கொட்டிப் பழகக் குடுத்தேன்!"